பெட்டிக்கு ஒரு பாட்டு

மார்ச் 4

அக்கா,

நலமா என்று கேட்டால் "உனக்கென்ன அக்கறை" என்பாய். அதனால் கேட்கவில்லை. என் நம்பரை நீ பிளாக் செய்து வைத்திருக்கிறாய். அம்மாவைத் தூது போகச் சொன்னேன். தைத்துக்கொண்டிருந்த திரைச்சீலையிலிருந்து தலையைத் தூக்காமலே, "நான் ஒண்ணும் உங்க ரெண்டு பேருக்கும் தபால் பெட்டி இல்ல. வாயைத் திறந்தா சண்டை போடுறீங்க. எழுதித் தொலைங்க" என்று சொல்லி, உன் விலாசத்தைத் துணிக்கடை ரசீதின் பின்னால் எழுதிக் கொடுத்தாள். ஆகவே எழுதித் தொலைக்கிறேன்.

எனக்கு வேண்டியது கொட்டகைச் சாவி. நீ செய்த இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளும் அதற்குள் இருக்கின்றன. நீ பூட்டைப் போட்டுவிட்டுச் சாவியோடு ஊரைவிட்டே போய்விட்டாய்.

மே மாதம் பழைய சந்தை மைதானத்தில் ஒரு போட்டி. ஒவ்வொரு குழுவும் தானே செய்த பாட்டை, தானே செய்த பெட்டியில் போட வேண்டும். வாடகைப் பெட்டி கூடாது, கடையில் வாங்கியதும் கூடாது. ஒரு குழுவுக்கு ஒரே பாட்டு. என் பாட்டு தயார். ஊரெல்லாம் ஒலிக்கிற அந்த ஸ்பானிஷ் ரெகேடோன் பாட்டு உனக்குத் தெரியும். பேருந்தில், செல்போன் கடையில், எதிர்வீட்டுக் குழந்தையின் பொம்மையில்கூட அதுதான். அதைக் கழற்றிப் போட்டுவிட்டேன். பாடகனின் ஒரு வரியையும் அந்த டும்-ச-டும்-சக் தாளத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு, அடியில் என் பேஸை இறக்கியிருக்கிறேன். அடிவயிற்றில் வந்து இடிக்கிற கீழ்ச்சத்தம். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். இந்த ஊரில் எவனும் இப்படி ஒரு ரீமிக்ஸ் செய்ததில்லை.

உடற்பயிற்சிக் கூடத் திறப்பு விழாவில் நடந்ததைப் பற்றி நான் பேசப் போவதில்லை. அத்தனை பேர் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள், தாளம் நிற்கிறது, இப்போது பேஸ் விழ வேண்டும், ஒன்றுமே விழவில்லை. என் ஹெட்போனில் இடி மாதிரி கேட்டது உன் பெட்டியில் மூச்சு மாதிரிகூட வரவில்லை. அந்த இடத்தில் நீ நின்றிருந்தால் நீயும் ஏதாவது சொல்லியிருப்பாய். நான் சொன்னது மைக்கில் விழுந்துவிட்டது, அவ்வளவுதான்.

சாவியை அனுப்பு.

தம்பி


மார்ச் 11

தம்பிக்கு,

பேசப் போவதில்லை என்று சொல்லிவிட்டு ஒரு பத்தி பேசியிருக்கிறாய். உன் நாக்கு பேனாவிலும் அதே நீளம்தான்.

மைக்கில் விழுந்துவிட்டதாம். மைக் என்ன, நடந்து வந்து உன் வாயருகே நின்றதா? நீ அதைக் கையில் எடுத்தாய். "மன்னிக்கணும் மக்களே, பாட்டுல கோளாறு இல்ல, பெட்டி செத்துப்போச்சு" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். பயிற்சியாளர் ஒருவன் என் பெட்டியின் மேல் தண்ணீர் பாட்டிலை வைத்துவிட்டு, "இதுக்காவது உதவுதே" என்றான். நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன், கையில் உன் ஒயரைப் பிடித்தபடி.

உன்னைக் கொசு என்று நான் எத்தனையோ தடவை கூப்பிட்டிருக்கிறேன். உன் கீச்சுக் குரலுக்கு அது பொருத்தம்தான். ஆனால் அதெல்லாம் வீட்டோடு. ஊர் நடுவே உன் மானத்தை நான் வாங்கியதில்லை.

என் பெட்டி சாகாது. ஒவ்வொரு மூலையையும் பசை போட்டு இறுக்கி, உள்ளே குறுக்குச் சட்டம் கொடுத்து, எங்கேயும் காற்று ஒழுகாமல் நானே கன்னத்தை வைத்துப் பார்த்துச் செய்தது. இங்கே புதிய அரங்கத்துக்கு மேடையும் சுவர்ப் பலகையும் அடிக்கிறோம். தச்சர்களில் நான் ஒருத்திதான் பெண். முதல் வாரம் என்னைத் தரை பெருக்கச் சொன்ன ஃபோர்மேன் இப்போது வளைவுப் பலகை என்றால் "மேஸ்திரியம்மாவைக் கூப்பிடு" என்கிறார். நானும் பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

சாவி வேண்டுமா? மைக்கில் சொன்னதை மைக்கில் திரும்ப எடு. என் காதருகே வந்து முணுமுணுத்தால் செல்லாது. அதுவரை பெட்டிகள் இருட்டில் தூங்கட்டும்.

அக்கா


மார்ச் 19

அக்கா,

மைக்கில் மன்னிப்பா? என் பாட்டில் பேஸ் இருந்தது. ஹெட்போனில் இருந்தது, கம்ப்யூட்டர் திரையில் மலை மாதிரி எழுந்து நின்றது. இல்லாத தப்புக்கு நான் ஊர் முன்னால் தோப்புக்கரணம் போட மாட்டேன். உனக்கு இருக்கிற வீம்பு எனக்கும் கொஞ்சம் இருக்கும் அல்லவா? ஒரே வீடுதானே.

உன் பெட்டி இல்லாவிட்டால் உலகம் நின்றுவிடுமா என்று நானே ஒன்று செய்தேன். அம்மாவின் பழைய அலமாரிக் கதவுகளை எடுத்து அறுத்தேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது, தூரத்திலிருந்து. பாட்டைப் போட்டதும் 'டும்' என்பதற்குப் பதிலாகக் 'கடகடகட' என்றது, பின்பலகை பிய்த்துக்கொண்டு என் காலில் விழுந்தது. அம்மா வந்து பார்த்து, "பெட்டியும் போச்சு, அலமாரியும் போச்சு. இப்ப புடவையெல்லாம் உன் தலையிலயா மடிச்சு வைக்கிறது?" என்றாள். நீ சிரிப்பாய் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். சிரித்துக்கொள்.

இதோடு ஒரு பென் டிரைவ் வைத்திருக்கிறேன். அதே பாட்டு, உடற்பயிற்சிக் கூடத்தில் போட்ட அதே ரீமிக்ஸ். ஒரு மாற்றமும் செய்யவில்லை. அங்கே பெரிய அரங்கம் கட்டுகிறீர்கள், நல்ல ஸ்பீக்கர் இருக்கும் அல்லவா? அதில் போட்டுக் கேள். கேட்டுவிட்டு மனசாட்சியோடு ஒரு வரி எழுது. நீ பொய் சொல்ல மாட்டாய். உன்னோடு எனக்கு இருக்கிற தொல்லையே அதுதான்.

உன் தம்பி, இப்போதைக்கு


ஏப்ரல் 2

தம்பிக்கு,

பதில் தாமதமானதற்குக் காரணம் கோபம் இல்லை. அரங்கத்து ஸ்பீக்கர் இப்போதுதான் ஏற்றினார்கள். நம் வீட்டுப் பீரோ உயரத்துக்கு ஒவ்வொன்றும். சோதனைக்கு என்ன போடலாம் என்று எலக்ட்ரீஷியன் கேட்டான். சாப்பாட்டு நேரம், எல்லோரும் டப்பாவைத் திறந்து மேடை ஓரமாக உட்கார்ந்திருந்தோம். உன் பென் டிரைவைக் கொடுத்தேன்.

முதலில் அந்தப் பாடகனின் வரி. "அட, இது தெரிஞ்ச பாட்டாச்சே" என்றார் பெயிண்டர். பிறகு தாளம் வந்தது, நின்றது. எனக்கு உடற்பயிற்சிக் கூடம் ஞாபகம் வந்தது. அப்புறம் உன் பேஸ் விழுந்தது.

தம்பி, என் நெஞ்செலும்பு அதிர்ந்தது. நான் அடித்த மேடைப் பலகை என் காலுக்கடியில் உறுமியது. தரைக்குக் கல் பதிக்கிறவர், யாரிடமும் ஒரு வார்த்தை பேசாத மனிதர், சாப்பாட்டு டப்பாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து ஆடினார். ஃபோர்மேன் வெளியிலிருந்து ஓடி வந்தார், ஏதோ இடிந்துவிட்டது என்று. "யார் போட்ட பாட்டு இது?" என்று அதட்டினார். "என் தம்பி" என்றேன். அதை எந்தக் குரலில் சொன்னேன் என்று உனக்கு எழுத மாட்டேன். உனக்குத் தலைக்கனம் ஏறிவிடும்.

மனசாட்சியோடு ஒரு வரி கேட்டாய். உன் பாட்டில் பேஸ் இருந்தது.

அப்படியானால் அன்றைக்கு ஏன் வரவில்லை என்று யோசித்தேன். ஒன்று ஞாபகம் வந்தது. அன்று என் பெட்டியில் சத்தம் வராதபோதும் ஸ்பீக்கரின் முகம் முன்னும் பின்னுமாய்த் துடித்துக்கொண்டிருந்தது. நான் பார்த்தேன். உழைக்கிறது, சத்தம் மட்டும் இல்லை. பெட்டி சின்னதாக இருந்தால் அப்படித்தான். ஒரு அளவுக்குக் கீழே அதால் இறங்க முடியாது, சும்மா காற்றை விசிறும். நீ அதற்கும் கீழே இறங்கியிருக்கிறாய். பெரிய பெட்டி என்றால் இறங்கியிருக்கும்.

பெரிதாகச் செய்யத் தெரியாமல் இல்லை. நீ மாடி அறையில்தான் வேலை செய்கிறாய். நம் மாடிப்படி நடுவில் திரும்புகிற இடம் உனக்குத் தெரியும், கட்டிலைக்கூடக் கழற்றித்தான் ஏற்றினோம். அந்தத் திருப்பத்தை அளந்து, அதற்குள் நுழைகிற மாதிரி பெட்டியை ஒரு சாண் குறைத்தேன். அவ்வளவுதான் விஷயம். நீ கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை.

இதோ சாவி. ஆனால் பெட்டியைப் போட்டிக்குக் கொண்டு போவதற்கு இல்லை. பிரித்துவிடு. பலகைகளை அடுக்கி வை. குறைத்துச் செய்த வேலை என் பெயரில் இன்னொரு தடவை மேடை ஏற வேண்டாம். நான் வந்த பிறகு வேறு செய்துகொள்ளலாம். மைக் விஷயம் அப்படியேதான் இருக்கிறது, மறந்துவிட்டேன் என்று நினைக்காதே.

அக்கா


ஏப்ரல் 20

அக்கா,

பிரிக்க மாட்டேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அம்மாவின் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போனேன். திருப்பத்தை அளந்தேன். பிறகு கொட்டகையைத் திறந்து பெட்டியை அளந்தேன். இந்தப் பக்கம் ஒரு விரல், அந்தப் பக்கம் ஒரு விரல். அந்த இடைவெளியில்தான் அதை நாம் எத்தனை முறை தூக்கிக்கொண்டு ஏறியிருக்கிறோம்! ஒரு தடவைகூடச் சுவரில் உரசியதில்லை. நான் அதைப் பற்றி ஒரு தடவைகூட யோசித்ததில்லை. திருப்பத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அம்மா துணி மூட்டையோடு ஏறி வந்து, "வழியில உக்காந்து என்னடா அழுகை?" என்றாள். அழவில்லை. தூசி.

பிறகு பெட்டிகளை முற்றத்துக்கு இழுத்து வந்தேன். அம்மாவின் பொத்தான் டப்பா மூடியை ஒரு பெட்டியின் மேல் வைத்து, அதில் பொத்தான்களைக் கொட்டினேன். கம்ப்யூட்டரில் ஒரே ஒரு கீழ்ச்சத்தத்தை எடுத்து, ஆக அடியிலிருந்து ஒவ்வொரு சுருதியாக மேலே ஏற்றிக்கொண்டு வந்தேன். முதலில் ஒன்றுமில்லை, நீ சொன்ன மாதிரி வெறும் காற்று. பொத்தான்கள் சும்மா கிடந்தன. ஏற்றினேன். லேசாக நகர்ந்தன. இன்னும் ஏற்றினேன். ஒரு சுருதி வந்தது அக்கா, பொத்தான்கள் எல்லாம் சேர்ந்து எழுந்து குதித்தன. மூடி நடந்து போய்க் கீழே விழுந்தது. எதிர்வீட்டு ஜன்னல் கண்ணாடி பாடியது. அம்மா மிஷினை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்து நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, "இதுவா அந்தச் செத்த பெட்டி?" என்று கேட்டாள்.

அதுதான் உன் பெட்டிக்குப் பிடித்த சுருதி. அந்த இடத்தில் அதை அடித்துக்கொள்ள ஆள் இல்லை.

பாட்டு முழுவதையும் மேலே தூக்கிவிட்டேன். என் பேஸ் இப்போது அந்தச் சுருதியில்தான் வந்து விழும். அதற்காகப் பாடகனின் குரலையும் ஏற்ற வேண்டியதாயிற்று, இப்போது அவன் கொஞ்சம் என்னை மாதிரி, கொசு மாதிரிப் பாடுகிறான். முதலில் மனது ஒப்பவில்லை. ஹெட்போனில் பழையதுதான் பிரமாதம். ஆனால் போட்டி ஹெட்போனில் நடக்கவில்லை. எல்லோரும் பாட்டுக்காகப் பெட்டி செய்துகொண்டு வருவார்கள். நான் உன் பெட்டிக்காகப் பாட்டு செய்திருக்கிறேன்.

மே பத்தாம் தேதி, சாயங்காலம். மைக் இருக்கும். என்ன சொல்வேன் என்று எழுத மாட்டேன். வந்தால் கேட்கலாம்.

தம்பி


மே 5

தம்பிக்கு,

வர முடியாது. பத்தாம் தேதிதான் இங்கே அரங்கத் திறப்பு. மேடைப் பலகை ஒன்று முனகினாலும் நான் பக்கத்தில் இருக்க வேண்டும் என்கிறார் ஃபோர்மேன். லீவு கேட்டேன், "நீங்க இல்லாம எப்படிம்மா?" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். சந்தோஷமாகவும் இருக்கிறது, எரிச்சலாகவும் இருக்கிறது.

காதைக் கொடுத்துக் கேள். இரண்டு பெட்டியையும் ஆளுக்கொரு மூலையில் வைக்காதே. ஒட்டி வை, அண்ணன் தம்பி மாதிரி. ஸ்டாண்டில் ஏற்றாதே, மண்ணிலேயே இருக்கட்டும். பின்னால் சுவர் இருக்கிற இடமாகப் பார்த்துக் கேட்டு வாங்கு. சுவரும் தரையும் உனக்குச் சும்மா உதவி செய்யும். அம்மா தைத்த கறுப்புத் துணியைப் போட்டு மூடிக் கொண்டு போ, வண்டியில் கீறல் விழும்.

மற்றவர்கள் பெட்டி ஆள் உயரத்துக்கு இருக்கும். பார்த்துவிட்டு முகத்தைத் தொங்கப் போடாதே. தோற்றால் எனக்கு எழுத வேண்டாம்.

நம்பரை இன்னும் பிளாக்கில்தான் வைத்திருக்கிறேன். எழுதும்போது நீ கொஞ்சம் நல்லவனாக இருக்கிறாய்.

அக்கா


மே 11

அக்கா,

எழுதுகிறேன், ஆகவே தோற்கவில்லை. ஜெயிக்கவும் இல்லை, இரண்டாவது இடம். ஆனால் நடந்ததைக் கேள்.

எங்களுக்கு முன்னால் வந்தது 'ரேடியோ' என்று ஊரே கூப்பிடுகிற அந்த ஒலிபெருக்கிக்காரரின் குழு. ஏழு பெட்டி, ஒன்றின் மேல் ஒன்றாக, மதில் மாதிரி. அடித்து நொறுக்கினார்கள், பொய் சொல்ல மாட்டேன். அதற்குப் பிறகு நானும் அம்மாவும் தள்ளுவண்டியில் கறுப்புத் துணி போர்த்திய இரண்டைக் கொண்டு போய் இறக்கினோம். "தம்பி, உக்கார ஸ்டூல் கொண்டு வந்திருக்கீங்களா?" என்று ஒருவன் கேட்டான். கூட்டம் சிரித்தது. உடற்பயிற்சிக் கூடத்து ஆட்களும் கூட்டத்தில் நின்றார்கள், அந்தத் தண்ணீர் பாட்டில்காரனும்தான்.

நீ சொன்னபடி சுவர் ஓரம், மண்ணில், ஒட்டி வைத்தேன். மைக்கை எடுத்தேன். என் குரல் இன்னும் கீச்சென்று வந்தது.

"கொஞ்ச நாள் முன்னாடி இதே பெட்டியைப் பார்த்து, செத்துப்போச்சுன்னு மைக்கில சொன்னேன். சிரிச்சவங்க சில பேர் இங்கயும் நிக்கிறீங்க. அது பொய். இதோட குரல் எங்க இருக்குன்னு தேடிப் பாக்காம பேசினவன் நான். இது எங்க அக்கா செஞ்ச பெட்டி. எங்க வீட்டு மாடிப்படியில ஏறணும்னு எனக்காகச் சின்னதா செஞ்சா. இப்ப கேளுங்க."

போட்டேன். கொசுக்குரலில் பாடகன் பாடினான், சிலர் சிரித்தார்கள். தாளம் வந்தது, நின்றது. எல்லோரும் மூச்சைப் பிடித்தார்கள். நானும்தான்.

விழுந்தது அக்கா. மைதானத்து இரும்புக் கதவு கிடுகிடுத்தது. முன்வரிசையில் நின்றவர்கள் ஓரடி பின்னால் போய், பிறகு அத்தனை பேரும் முன்னால் வந்தார்கள். ஸ்டூல் என்று கேட்டவன் சட்டையைக் கழற்றிச் சுற்றிக்கொண்டு ஆடினான். அம்மாவைத் தேடினேன். இந்தப் பாட்டெல்லாம் ஒரே பாட்டு என்று திட்டுகிறவள், கறுப்புத் துணியை இடுப்பில் கட்டிக்கொண்டு டும்-ச-டும்-சக் என்று தோளை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

இனிதான் விஷயம். பாட்டு முடியும் முன்பே நடுவர் ஒருவர் எழுந்து வந்தார். பெட்டிக்குப் பின்னால் போனார். குனிந்தார். சுவரைத் தட்டினார். தள்ளுவண்டிக்கு அடியில் பார்த்தார். "மூணாவது பெட்டி எங்க ஒளிச்சு வெச்சிருக்க?" என்று கேட்டார். அக்கா, உன் இரண்டு பெட்டியைக் கேட்டுவிட்டு அவர் மூன்றாவதைத் தேடினார்! "நல்லா தேடுங்க சார்" என்று சொன்னேன், மைக்கிலேயே. கூட்டம் விசிலடித்த சத்தத்தில் நான் நின்ற இடத்திலேயே ஒரு அடி வளர்ந்துவிட்டேன்.

பரிசு சொல்லும்போது குழுவின் பெயரைக் கேட்டார்கள். பெயரே வைக்கவில்லை என்று அப்போதுதான் உறைத்தது. "அக்காவும் கொசுவும்" என்று அம்மா கத்திவிட்டாள். அதுவே நிலைத்துவிட்டது. ரேடியோ வந்து கைகொடுத்து, "பெட்டி செஞ்சவங்களை ஒரு தடவை பாக்கணும்பா" என்றார். முதல் பரிசு வாங்கியவர் அவர்தான்.

அம்மா எல்லாவற்றையும் வீடியோ எடுத்தாள். பாதியில் அவள் ஆடப் போய்விட்டதால் பாதி வானம்தான் தெரியும். நடுவர் குனிகிற இடம் மட்டும் பக்கத்து ஆள் வாங்கி எடுத்தது, தெளிவாக இருக்கிறது. உனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

கொசு


மே 17

கொசுவுக்கு,

வீடியோ வந்தது. வானத்தையும் பார்த்தேன், உன் பேச்சையும் கேட்டேன். பேச்சை ஒரு தடவைதான் கேட்க முடிந்தது, இங்கேயும் தூசி. நடுவர் குனிந்து வண்டிக்கு அடியில் தேடுகிற இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். பெயிண்டருக்குக் காட்டினேன், எலக்ட்ரீஷியனுக்குக் காட்டினேன். கல் பதிக்கிறவர் தானாகவே வந்து கேட்டு வாங்கிப் பார்த்தார். ஃபோர்மேனிடம் காட்டி, "இது நான் செஞ்ச பெட்டி சார், தேடுறார் பாருங்க" என்றேன். "எத்தனாவது தடவைம்மா காட்டுறீங்க?" என்றார்.

குறைத்துச் செய்த வேலை என்று எழுதினேன் அல்லவா? அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். உனக்கு மைக், எனக்கு இந்தத் தாள். கணக்கு சரி.

அரங்க வேலை முடிந்தது. அடுத்த அரங்கத்துக்குக் கூப்பிடுகிறார்கள், யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். மாதக் கடைசியில் வீட்டுக்கு வருகிறேன். மிச்சம் விழுந்த நல்ல பலகை கொஞ்சம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். நடுவர் பாவம், வெறுங்கையோடு திரும்பினார். அவர் தேடிய அந்த மூன்றாவது பெட்டியைச் செய்துவிடலாம்.

இந்தத் தடவை பெரிதாகச் செய் என்று நீ சொல்வாய், தெரியும். செய்ய மாட்டேன். அம்மாவின் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு போய் மாடிப்படித் திருப்பத்தை இன்னொரு தடவை சரியாக அளந்து, இன்றைக்கே போன் செய்து சொல். நம்பரைத் திறந்துவிட்டேன்.

அக்கா